பின்னறைச் சுவருக்குப் பஞ்சு வைத்த கதை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆகவே நலம் என்றே வைத்துக்கொள். உன் நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவியைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றை ஆளாய் வீட்டைப் பூட்டித் திறந்துகொண்டிருப்பவனிடம் எதைக் கேட்பது?

நீ எங்களோடு வந்து இருப்பதற்காகப் பின்னறையை ஒழித்தோம். அதன் சுவர் இரண்டு பலகை, நடுவே வெற்றிடம்; குளிர் உள்ளே குடித்தனமே நடத்துகிறது. “ஏற்கெனவே நொந்து வர்ற மனுஷன், இங்க வந்து விறைச்சுப் போகணுமா?” என்றாள் உன் அண்ணி. உள்பலகையைக் கழற்றி, குளிரைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு வைக்க முடிவாயிற்று. ஆள் வைக்கச் சொன்னாள். தம்பிக்குச் செய்யும் வேலையில் அந்நியன் கை எதற்கு என்று நானே இறங்கினேன்.

பஞ்சை விரித்ததும் உடம்பெல்லாம் அரிப்பு. கையுறை போடும்படி பொட்டலத்தில் எழுதியிருந்ததாம், அந்த இடத்தைத்தான் கிழித்திருந்தேன். சொறிந்துகொண்டே பார்த்தால் பஞ்சுக்குக் குறுக்கே மேல்தோல் வெடித்த பழைய வயர். அறை சுவிட்சை அணைத்துவிட்டோமே என்ற தைரியத்தில் கைப்பிடி கழன்ற ஸ்க்ரூ டிரைவரால் அதை ஒதுக்கினேன். அது சமையலறைக்குப் போகும் வயர். தூக்கியெறியப்பட்டுக் கட்டில்மேல் விழுந்தேன், கட்டிலின் கால் முறிந்தது. உனக்குப் போட்டிருந்த கட்டில். உன் அண்ணி ஓடிவந்து, என்னைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு, அப்புறம்தான் அழுதாள். “அவரு அங்க ஒண்டியா, நான் இங்க ஒண்டியா உட்காரணுமா?” என்று கேட்டாள்.

எலெக்ட்ரீஷியன் வந்து வயரை மாற்றினார். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், வயர் குறுக்கிடும் இடத்தில் பஞ்சை இரண்டாகப் பிளந்து பின்னால் பாதி, முன்னால் பாதி வைக்க வேண்டும், சுவிட்சுப் பெட்டிக்குள் துணுக்கும் போகக் கூடாது, வெந்நீர் ஹீட்டருக்குப் போகும் தடித்த வயரை மட்டும் மூடவே கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் போனபின் பார்த்தால் அந்தத் தடித்த வயர் போகும் சந்து வழியாகத்தான் குளிர் வருகிறது. மிஞ்சிய பஞ்சை அதில் திணித்துப் பலகையை அடித்துவிட்டேன்.

நல்லதாயிற்று. இப்போது சுவரில் முதுகைச் சாய்த்தால் ஒத்தடம் கொடுத்தது போல் இதமாயிருக்கிறது. சாய்ந்தபடிதான் இதை எழுதுகிறேன். ஆகவே சாக்குச் சொல்லாமல் வந்து சேர். பட்டினி கிடந்துவிட்டுச் சாப்பிட்டதாகப் போனில் சொல்லாதே, குரலே காட்டிக்கொடுக்கிறது.

உனக்கு இனியாவது நல்ல தூக்கம் வரட்டும் என்ற ஆசியுடன்,
அண்ணன்

பி.கு.: வர வேண்டாம். சுவரின் சூடு பஞ்சினால் வந்ததல்ல. உன் அண்ணி வெந்நீர் போட்டிருக்கிறாள். தடித்த வயர் பஞ்சுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறது. தீய்ந்த வாடை வந்து, மெயினை அணைத்து, பலகையைப் பெயர்த்து, எல்லாப் பஞ்சையும் வாசலில் குவித்தாயிற்று. வீட்டில் விளக்கும் இல்லை, வெந்நீரும் இல்லை. “கூப்பிட்டா அவரு வரமாட்டாரு. நாமளே போயிடலாம்” என்று உன் அண்ணி பெட்டி கட்டிவிட்டாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்கள் வந்துவிடுவோம். உன் வீட்டுச் சுவரைத் தொடமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.