மாதிரிக்கு ஒரு பாட்டில் ஆறு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், முதுகுப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு, ஆற்றங்கரைப் புண்ணிய ஊருக்கு நான் போய்வந்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். இதற்காக அவள் உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் வந்த பிறகு எப்படியோ, தெரியாது. இங்கே நானும் நலம் என்று எழுதவேண்டும். வந்ததிலிருந்து ஒரே சட்டையில் திரிகிறவன் அப்படி எழுதுவது நன்றாயிருக்காது.

தாங்கள் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தரப்பையும் கேட்காமல் கேஸ் கட்டை மூடமாட்டீர்கள். அவள் தரப்பு இதற்குள் கண்ணீரோடு தாக்கலாகியிருக்கும். என் தரப்பை எழுத்தில் தருகிறேன். சத்தமாக வாசியுங்கள், அவள் அடுப்படியில் இருந்தாலும் காதில் விழட்டும். எங்கெங்கே தாண்ட வேண்டும் என்று நானே சொல்கிறேன்.

அன்று காலை கடைக்கு ஒரு பல் டாக்டர் பெண் வந்தாள். அன்றைக்கே அந்த ஊருக்கு பஸ் ஏறுகிறாளாம், முதுகுப்பை வேண்டுமாம். கடையிலேயே ஒசத்தியானதை எடுத்துக் கொடுத்தேன். ஜிப்பை இழுத்தாள், தையலை நகத்தால் கீறினாள், பையின் வாயைத் திறந்து பார்த்தாள், சொத்தைப் பல்லைத் தேடுகிற மாதிரி. "தோள் வலிக்காதா?" என்றாள். "வலிக்கவே வலிக்காதும்மா, நான் கேரண்டி" என்றேன். "நீங்க இதை மாட்டிக்கிட்டு நடந்திருக்கீங்களா?" "காலம் பூரா பைதாம்மா விக்கிறேன்." "விக்கிறீங்க. தூக்கியிருக்கீங்களா?" கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். என் விற்பனையாளர் இருமுகிற சாக்கில் சிரிக்கிறார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கொக்கியில் தொங்கிய அதே ரகப் பையை இறக்கி மாட்டிக்கொண்டு, "வாம்மா, நானும் அதே பஸ்ல வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன். வீட்டுக்குச் சொல்லணும் என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். நான் ஊருக்குப் போகிறேன் என்றே நினைக்கவில்லை, மச்சான். சரக்கைச் சோதிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். குடோனுக்குப் போகிறவன் வீட்டில் சொல்லிக்கொண்டா போகிறான்? விற்பனையாளர் சொல்லியிருப்பார் என்று நான் விட்டுவிட்டேன். முதலாளி சொல்லியிருப்பார் என்று அவர் விட்டுவிட்டார்.

இறங்கின இடத்திலிருந்து விடுதி வரைக்கும் ஒரே ஏற்றம். பல் டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாள், நான் விறுவிறுவென்று போகிறேன். "பாத்தியாம்மா, பை நெறைய சாமான், தோள்ல துளி கனம் தெரியுதா? எல்லாம் பட்டையோட வேலைப்பாடு" என்று வழி நெடுக வியாபாரம் பேசினேன். விடுதியில் அடுக்குக் கட்டில் போட்ட பொது அறை, எனக்கு மேல்கட்டில். ஏணியில் தொற்றி ஏறி, துண்டு எடுக்கலாம் என்று ஜிப்பைத் திறந்தால் உள்ளே பூராவும் கசக்கிய பழைய பேப்பர். தொங்கவிடுகிற பை உப்பலாகத் தெரியட்டும் என்று திணித்து வைப்போமே, அது. என் கையாலேயே திணித்தது. வாங்க வருகிறவர்களுக்குத்தான் அந்த உப்பல் என்று நினைத்திருந்தேன். கடைசியில் நானே அதைப் பார்த்து, பை நிறைந்திருக்கிறது என்று நம்பியிருக்கிறேன். கீழ்க்கட்டிலிலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "இதான் பை நெறைய சாமானா, அங்கிள்?" என்றாள். பேப்பரை எடுத்துப் போட்டுவிடலாம் என்றால், பை தொளதொளவென்று தொங்குகிறது. கடைக்காரன் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. திரும்பவும் திணித்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் சிநேகிதிகளோடு படகேறிப் போய்விட்டாள். பர்ஸ், போன், கண்ணாடி, திரும்புகிற டிக்கெட் எல்லாவற்றையும் பேப்பருக்கு நடுவே செருகிக்கொண்டு நான் தனியாகப் படித்துறைக்குப் போனேன். அங்கே எல்லாரும் ஜோடி ஜோடியாக. ஒருத்தர் முங்குகிறார், ஒருத்தர் சாமானைப் பார்த்துக்கொள்கிறார், அப்புறம் மாற்றிக்கொள்கிறார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே இருந்தேன். பக்கத்தில் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு அம்மா, "நீங்க எறங்குங்கய்யா, நான் பாத்துக்கறேன்" என்றார். "இல்லம்மா, பரவால்ல." "உள்ள என்ன, தங்கமா?" "பேப்பரும்மா." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கடை போட்டது, முகம் தெரியாத ஊரில் போய்ச் சரக்கெடுத்தது, பக்கத்துக் கடையையும் வளைத்துப் போட்டது, எல்லாவற்றிலும் தைரியமாகக் குதித்தவன் என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். குதித்தது நான்தான். கரையில் சாமானைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முறை எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. (இந்தப் பத்தியை வாசிக்க வேண்டாம். மறந்தாற்போலத் தாண்டிவிடுங்கள்.)

அவ்வளவு தூரம் வந்துவிட்டு நனையாமல் திரும்புவதா? பையை மாட்டிக்கொண்டே இறங்கிவிட்டேன். "அண்ணே, பையை எறக்கி வெச்சிட்டு முங்குங்க!" என்று படித்துறையே கத்துகிறது. தண்ணி புகாத பை என்று நானே கேரண்டி கொடுத்துக்கொண்டிருக்கிறேனே, அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரே முங்கு. புகுந்தது, மச்சான். பேப்பரெல்லாம் தண்ணீரைக் குடித்து, பை கல்லாகி, என்னை மல்லாக்கப் புரட்டி இழுக்கிறது. ஒரு படகுக்காரர் எட்டி, பையின் பிடியைப் பற்றி, பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் போட்டார். தண்ணீரைத் துப்பிவிட்டு நான் முதலில் சொன்னது, "தையல் விடல, பாத்தீங்களா!" அவர், "யோவ், உசுரு போயிருக்கும்யா!" என்றார்.

போன் செத்துவிட்டதால் விடுதிக்காரர் போனில் வீட்டுக்குப் பேசினேன். "எங்க இருக்கீங்க?" என்றாள். "சரக்கு சோதனைக்கு வந்தேன்." "எந்த ஊர்ல?" சொன்னேன். மெதுவாக, "முங்கிட்டீங்களா?" "முங்கிட்டேன். கவலைப்படாதே, உனக்கும் மாதிரிக்கு ஒரு பாட்டில் பிடிச்சு வெச்சிருக்கேன்." "மாதிரிக்கா? நான் என்ன உங்க கடைக்கு வர்ற மொத்த வியாபாரியா, மாதிரி காட்டி ஆர்டர் எடுக்க?" போன் வைக்கப்பட்டது. நான் வந்து சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அந்த ஊருக்குப் போகணும் என்று அவள் கேட்டபோதெல்லாம் சீசன் முடியட்டும் என்று நான் சொன்னது வாஸ்தவம். பைக்கடைக்குச் சீசன் முடிவதே இல்லை என்பதும் வாஸ்தவம். பள்ளிக்கூடம் திறந்தால் ஒரு சீசன், மூடினால் ஒரு சீசன்.

ஆகவே என் முடிவு இது. ஞாயிற்றுக்கிழமை அவளை பஸ் ஏற்றிவிடுங்கள். நான் வந்து அழைக்க முடியாது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ஒரு பொழுது கடையைச் சாத்தினாலும் எதிர்க்கடைக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். பிற்பாடு நானே அந்த ஊருக்கு இரண்டு நாள் கூட்டிப்போகிறேன், போக ஒரு நாள், வர ஒரு நாள். மற்றபடி அவள் இல்லாததால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. டீ நானே போட்டுக்கொள்கிறேன். நேற்று கைப்பழக்கத்தில் இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். கொட்ட மனமில்லாமல் ஆறினதையும் நானே குடித்தேன். (இதையும் வாசிக்க வேண்டாம்.)

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். வரும்போது ஆளுக்கொரு புத்தகப்பை கொண்டுவருகிறேன், கேரண்டி இல்லாமல்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையில் போடப்போகிற நேரத்தில் உங்கள் வீட்டிலிருந்து அவளே போன் செய்தாள். மேலே உள்ளது எதையும் வாசிக்க வேண்டாம். எழுதின தாளை வீணாக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். "நான் அங்க வரல" என்றாள். உறையைக் கீழே வைத்தேன். "நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன். நீங்களும் வந்துடுங்க. நாளைக்கு." "நாளைக்கா? பள்ளிக்கூடம் தெறக்குது, கடை..." "கடையச் சாத்துங்க." பேரம் பேசினேன், மச்சான். இரண்டு நாள் தள்ளிக் கேட்டேன், ஒரு நாள் கேட்டேன், அரை நாள் கேட்டேன். இம்மிகூட இறங்கி வரவில்லை. "சரி, என்னைக்குத் திரும்பறோம்னாவது சொல்லு. கடைக் கதவுல எழுதி ஒட்டணும்." "எழுதாதீங்க" என்றாள்.

ஆக, முடிவான நிபந்தனைகள்: நாளைக் காலை முதல் கடை மூடல். அவள் போதும் என்கிறவரை ஆற்றங்கரையில்தான். திரும்புகிற தேதியை நான் கேட்கக் கூடாது.