நரம்புக்குச் சான்று தேவை

கொக்குவில் கனகசபாபதி தன் அறுபத்து மூன்றாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தீட்டிய கையோடு யாழைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தார்.

யாழ் என்றால் யாழ்ப்பாணம் அல்ல. அதைக் காப்பாற்ற ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். இது வாத்தியம். வீணைக்கு முந்தியது. வில்போல வளைந்த கொம்பில் நரம்புகளைக் கட்டி, விரலால் தெறித்து வாசித்தது.

காரணம் பேத்தி. முதல் நாள் ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்த கீர்த்திகா, "தாத்தா, உங்கடை ஊர்ப் பேரிலை இருக்கிற யாழ் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்து நாலு வருடம் வரைபடம் கீறிய கையால் கனகசபாபதி காற்றில் ஒரு யாழ் கீறிக் காட்டினார்.

"பூசணிக்காயோ?" என்றாள் பேத்தி.

பிறகு இருவருமாக எவரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து பார்த்தார்கள். மகரயாழைப் பற்றி மூன்று வரி இருந்தது. மூன்றாவது வரி பாதியில் நின்றது. பக்கத்தில் இருந்த படம் வீணை.

கனகசபாபதிக்கு அது தன் முகத்துக்கு வேறு ஆளின் படத்தைப் போட்டது மாதிரி இருந்தது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை முடிவு.

"பத்மா, நான் யாழ்க் கட்டுரைகளைத் திருத்தப்போறன். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ். நாலையும்."

குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த மனைவி பத்மாவதி திரும்பவில்லை. "எத்தினை நாள் எடுக்கும்?"

"ஒரு மாதம்."

"கம்பியூட்டர் மேசையிலைதானே இருப்பியள்?"

"ஓம்."

"நல்லது" என்றார் பத்மாவதி. அந்த 'நல்லது' எதற்கு என்று கனகசபாபதிக்கு விளங்கவில்லை. முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் விளங்காத 'நல்லது'கள் பல. அவற்றோடு இதையும் சேர்த்து வைத்தார்.

அன்று மாலைக்குள் மகரயாழுக்குப் பத்து வரி எழுதிவிட்டார். 'மகரயாழ் பத்தொன்பது நரம்புகளை உடையது' என்ற வரியைச் சத்தமாக இரண்டு முறை வாசித்தும் பார்த்தார். அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தால், வரிக்கு வரி பின்னால் சின்ன எழுத்தில் இரண்டு சொல் ஒட்டியிருந்தது: 'சான்று தேவை.' ஒட்டியவர் பெயர் கஜானி, களஞ்சியத்தின் தொகுப்பாளர்களில் ஒருவர்.

கனகசபாபதி அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். சான்று கேட்டால் எங்கே போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கிராம அலுவலரிடம் போனார். அங்கே ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்று, 'இவர் எனது பிரிவில் நிரந்தரமாக வதிபவர், நன்னடத்தை உள்ளவர்' என்று முத்திரை குத்திய கடிதம் வாங்கினார். அதைப் படம் பிடித்து, பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து, கட்டுரைக்குக் கீழே ஏற்றினார். நாலு மணித்தியாலமாக, மகரயாழைத் தேடி வந்த உலகத் தமிழர் அனைவரும் கனகசபாபதியின் நன்னடத்தையை அறிந்துகொண்டார்கள்.

பிறகு கஜானி அதைத் தூக்கிவிட்டு, உரையாடல் பக்கத்தில் ஒரு வரி எழுதினார்: 'ஐயா, சான்று உங்களுக்கல்ல, நரம்புக்கு.'

"நரம்புக்கு எண்டால் டொக்டரிட்டை எல்லோ எடுக்கவேணும்?" என்று தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த பத்மாவதி கேட்டார்.

"அந்த நரம்பு இல்லையப்பா. யாழ் நரம்பு. பத்தொன்பது எண்டு எழுதினனான். அதை எந்தப் புத்தகத்திலை பாத்தனீங்கள் எண்டு கேக்கிறா."

"எந்தப் புத்தகத்திலை பாத்தனீங்கள்?"

"புத்தகத்திலை பாக்கேல்லை. பத்தாம் வகுப்பிலை தமிழ் மாஸ்டர் சொன்னவர்."

"அவர் செத்துப் போனார்."

"அதைத்தான் நானும் எழுதினனான். ஆள் இறந்தாலும் சொன்னது சொன்னதுதானே எண்டு. அதுக்கும் பின்னாலை 'சான்று தேவை' எண்டு போட்டிட்டா."

அவர் நூலகத்துக்குப் போனார். மூன்று நாள் இருந்தார். ஒரு புத்தகம் மகரயாழுக்குப் பதினேழு நரம்பு என்றது. இன்னொன்று பத்தொன்பது என்றது. சகோடயாழுக்கு ஒன்று பதினாலு, ஒன்று பதினாறு. பேரியாழின் இருபத்தொன்றும் செங்கோட்டியாழின் ஏழும் மட்டும் சண்டை இல்லாமல் இருந்தன. யாழைக் கண்ணால் கண்டவர் எவரும் இப்போது இல்லை. எண்ணியவர்களோ ஒருவரோடொருவர் ஒத்துப்போகவில்லை. போகும்போது இவருக்கு ஒன்றாவது நிச்சயமாகத் தெரிந்திருந்தது. வரும்போது அதுவும் இல்லை.

'இரண்டையும் எழுதுங்கள் ஐயா. சிலர் பதினேழு என்பர், சிலர் பத்தொன்பது என்பர் என்று. ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு வேண்டும்' என்றார் கஜானி. அப்படியே எழுதினார். சின்ன எழுத்துகள் மறைந்தன. வீணைப் படமும் போனது.

அந்த வெற்றியில்தான் அவருக்குப் புத்தி வேறு பக்கம் ஓடியது. முப்பத்து நாலு வருடம் மேலதிகாரிகளுக்கே வாய் காட்டிய தன்னை முகம் தெரியாத ஒரு கஜானி இரண்டே சொல்லில் மடக்கியிருக்கிறாள். அந்த இரண்டு சொல் இந்த வீட்டில் இத்தனை காலம் இல்லாமல் போனதே. பத்மாவதி சொல்வதெல்லாம் சான்று இல்லாமல் அல்லவா சட்டமாகிக்கொண்டிருக்கிறது.

அடுத்த நாள் தேத்தண்ணி நேரம் அவர் தொண்டையைச் செருமினார்.

"பத்மா. இனிமேல் இந்த வீட்டிலை சான்று இல்லாத கதை செல்லாது."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

"உங்களுக்கும்?"

"எனக்கும்தான். நடுநிலை முக்கியம்."

"நல்லது" என்றார் பத்மாவதி.

முதல் இரண்டு நாளும் கனகசபாபதி ராசா. "தண்ணித் தாங்கி மூடியைப் பூட்டச் சொல்லி முந்தநாளே சொன்னனான்" என்றார் பத்மாவதி. "சான்று?" என்றார் இவர். மூடி பூட்டப்படவில்லை. "உங்களுக்கு மா ஒத்துக்கொள்ளாது, இடியப்பத்தைக் குறையுங்கோ" என்றார். "எந்த நூல், எத்தினையாம் பக்கம்?" என்றார் இவர். பதினெட்டு இடியப்பம் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் மதியம் வாய் தவறி, "குழம்பிலை உப்புக் கூட" என்றார்.

"சான்று?" என்றார் பத்மாவதி.

"என்ரை நாக்கு."

"அது சொந்த ஆய்வு. சொந்த ஆய்வு கூடாது எண்டு அந்தப் பிள்ளை உங்களுக்கு எழுதியிருந்ததை நானும் வாசிச்சனான். வெளியாள் சொல்லவேணும்."

மதிலுக்கு அங்காலிருந்து பேதுரு அழைக்கப்பட்டார். பக்கத்து வீட்டுக்காரர். மனைவி இறந்தபின் தானே சமைத்துத் தானே வருந்துபவர். இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டு, "அக்கா, உப்பு அளவா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

வாசல்வரை கூடப் போன கனகசபாபதி மெல்லிய குரலில் கேட்டார்: "பேதுரு, உண்மையைச் சொல்லும். உப்புக் கூடத்தானே?"

"கடல் அண்ணை அது. ஆனால் நான் நாளைக்கும் சாப்பிடவேணுமெல்லே."

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். கனகசபாபதி நிறுத்தவில்லை. அடுத்த நாள் நீர்வேலியிலிருந்து அழைப்பு வந்தது. பத்மாவதியின் தம்பி செல்வநாயகம் வாழைத் தோட்டத்துப் பக்கத்தில் புது வீடு கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை குடிபூரல் என்கிற புதுமனை புகுவிழா.

"வாறியளோ?"

"அவன்ரை வீட்டுப் படலையை நான் மிதிக்கமாட்டன் எண்டு உமக்குத் தெரியும். பதினொரு வருசத்துக்கு முன்னம், அவன்ரை மகன்ரை கலியாணத்திலை, முன் கதிரையிலை இருந்த என்னைச் சனத்துக்கு முன்னாலை 'எழும்புங்கோ' எண்டு எழுப்பினவன்."

பத்மாவதி கறிவேப்பிலை உருவுவதை நிறுத்தினார். "சான்று?"

பதினொரு வருடம் அந்தச் சொல்லைக் கனகசபாபதி நெஞ்சுக்குள் வைத்துத் தடவியிருக்கிறார். அதற்கு அடிக்குறிப்பு வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பத்மாவதி கையைத் துடைத்துக்கொண்டு போய், அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கலியாண டிஸ்க்கை எடுத்துவந்து கம்பியூட்டருக்குள் தள்ளினார். நாதஸ்வரம், தவில். முன் வரிசையில் பதினொரு வருடம் இளைய கனகசபாபதி, பட்டு வேட்டியும் கடுமையான முகமுமாக. செல்வநாயகம் ஓடி வருகிறார். குனிகிறார். "அத்தான், எழும்புங்கோ." தவில் சத்தம் ஒருமுறை எழும்பி அடங்குகிறது. "மேடைக்கு வாங்கோ, நீங்கள் இல்லாமல் படம் எடுக்க ஏலாது." மேடையில் பத்மாவதி நிற்கிறார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறது. கனகசபாபதி எழும்புகிறார்; மேடைக்கு அல்ல, வாசலுக்கு. செல்வநாயகம் நீட்டிய கையோடு அப்படியே நிற்கிறார்.

"இன்னொருக்காப் போடும்" என்றார் கனகசபாபதி.

மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும் செல்வநாயகத்தின் கை நீட்டியபடியே இருந்தது. நாலாவது முறை பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

"இதுக்கு ரெண்டு கருத்து இருக்கலாம்" என்றார். "சிலர் மேடைக்குக் கூப்பிட்டார் என்பர். சிலர்…"

"ரெண்டாவதுக்கு அடிக்குறிப்பு எங்கை?"

வெள்ளிக்கிழமை காலை கனகசபாபதி அதே பட்டு வேட்டியைக் கட்டினார். நீர்வேலி பஸ்ஸில் வழி நெடுக மன்னிப்பு ஒன்றை மனசுக்குள் எழுதி எழுதி அழித்தார். படலையில் செல்வநாயகத்தைக் கண்டதும் எழுதியது எல்லாம் பறந்துவிட்டது.

"செல்வம், அண்டைக்கு நான் கோவிச்சுக்கொண்டு போனது…"

"ஆர் கோவிச்சது?" என்றார் செல்வநாயகம். முகத்தில் உண்மையான குழப்பம். "உங்களுக்கு வயித்துக்குள்ளை பிரட்டினதாலை ஓடினனீங்கள் எண்டெல்லோ அக்கா சொன்னவா. பிறகும் ஒவ்வொரு முறையும் கேட்டனாங்கள். வயிறு இன்னும் சரிவரேல்லை எண்டுதான் சொல்லுவா. பதினொரு வருசம். பாவம் அத்தான் நீங்கள்."

கனகசபாபதி திரும்பிப் பார்த்தார். பத்மாவதி புது வீட்டு நிலைக்கதவின் வேலைப்பாட்டை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வருடப் பகிஷ்கரிப்பு. நீர்வேலியில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் வயிறுதான். வருகிற சொந்தமெல்லாம் அவருடைய கையைப் பிடித்து, "இப்ப செமிக்குதோ?" என்று அன்பாக விசாரித்தது. பந்தியில் எல்லாருக்கும் வடை, பாயாசம், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு என்று இலை நிறைந்தது. கனகசபாபதிக்கு முன்னால் செல்வநாயகத்தின் மனைவி ஒரு கோப்பை கஞ்சியை வைத்தார்.

"அண்ணைக்கெண்டு தனியாக் காய்ச்சினது. உறைப்பு ஒண்டும் இல்லை."

எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை என்று சொல்ல நினைத்தார். அப்படிச் சொன்னால் பதினொரு வருடம் எங்கே போனது என்று சொல்லவேண்டி வரும். கஞ்சியைக் குடித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு செல்வநாயகம் அவரைப் பக்கத்தில் நிறுத்தி வாசலில் படம் எடுத்தார். தோளில் போட்ட கையைக் கடைசிவரை எடுக்கவில்லை. கனகசபாபதிக்குக் கண் கலங்கியது. சொந்தக்காரர் அதையும் வயிற்றுக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் இருக்கை கிடைத்தது. பத்மாவதி பக்கத்தில். பத்மாவதி போகும்போதெல்லாம் செல்வநாயகம் வெட்டிக் கொடுக்கிற இதரை வாழைக்குலை கனகசபாபதியின் மடியில், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி. உரும்பிராய்ச் சந்தி தாண்டியதும் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"பத்மா, அந்த வீடியோ இவ்வளவு காலமும் உம்மட்டை இருந்ததோ?"

"ஓம்."

"அப்ப ஏன் அண்டைக்கே காட்டேல்லை?"

"காட்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் என்னோடை வெளிக்கிட்டிருப்பியள். வந்து ஒரு மணித்தியாலத்திலை 'போவம் போவம்' எண்டு அரிச்சிருப்பியள். நான் பதினொரு வருசமா ஆறுதலாப் போய், ஆறுதலா இருந்து, கதைச்சுச் சிரிச்சிட்டு வந்தனான்."

கனகசபாபதிக்கு இதில் எது கோபப்படவேண்டிய இடம் என்று பிடிபடவில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. குலையின் காம்பு நாடியில் இடித்தது.

"அப்ப இந்த முறை மட்டும் ஏன் காட்டினனீர்?"

பத்மாவதி சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார்.

"முழங்கால் நோ, இப்ப குலை தூக்க ஏலாது."