செத்துச் செத்துக் கட்டிய தாலி

கைதட்டல் கேட்டால் எனக்கு இன்றும் எழுந்து கும்பிடத் தோன்றும். அந்தப் பாழாய்ப்போன ஆசைதான் ஒரு முறை என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷம் முந்தி, முக்கூடலில் ஊர்க்காரர்கள் நாங்களே நாடகம் போட்டோம். கதை ஒன்றும் பிரமாதமில்லை. அப்பாவைக் கொன்ற துரோகியை மகன் தேடிப் பிடித்துக் குத்துகிறான், அவ்வளவே. நடிப்புதான் அதைத் தூக்கி நிறுத்தியது. மகனாக வந்தவர் கருப்பட்டி வியாபாரி சங்கரன் அண்ணாச்சி. கடையில் ஈயை விரட்டக்கூடக் கை ஓங்காத மனிதர். மேடையேறி முறைத்தால் ஆர்மோனியக்காரரே பயந்து சுருதி தப்புவார். துரோகி நான். (என் முகத்துக்கு ஒப்பனையே வேண்டாம் என்றார்கள். அதையும் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.) அந்தக் காஸ் விளக்கு வெளிச்சமும், ஆற்றுக் காற்றில் படுதா படபடக்கும் சத்தமும் இனி எங்கே கிடைக்கும்!

அன்றைக்கு முன்வரிசையில் சாத்தான்குளத்து மாமா, அம்மாவின் அண்ணன். மகள் செல்லத்தை எனக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். பெண்கள் பக்கம் செல்லமும் இருந்தாள். எனக்கோ அவளைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

அண்ணாச்சி குத்தினார். துடிதுடித்துச் செத்தேன். கொட்டகையே "ஒன்ஸ்மோர்!" என்று அலறியது. அப்படிக் கேட்டால் பாட்டைத் திரும்பப் பாடுவது அந்தக் கால வழக்கம். என் சாவையும் கேட்கிறார்களே என்று பூரித்துப்போய், எழுந்து கும்பிட்டு, மறுபடி செத்தேன். மறுபடியும் கூச்சல். மறுபடியும் எழுந்தேன்.

"ஏலே, எந்திரியாம கெட. கை வலிக்கு," என்று பல்லைக் கடித்தார் அண்ணாச்சி.

அப்போதுதான் கவனித்தேன். ஜனங்கள் பார்த்தது என்னையல்ல, அண்ணாச்சியின் கத்தியை. "அந்தத் துரோகிய இன்னொரு குத்துக் குத்தும்வே!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் என் மாமா.

நாடகம் முடிந்ததும் மாமா படுதாவுக்குப் பின்னால் வந்தார். கூடவே அம்மாவும் செல்லமும்.

"நாடகம்தானண்ணே," என்றாள் அம்மா.

"தெரியும்ளா. துரோகியா நடிச்சதுகூடப் போவட்டும். ஒருக்கக் குத்துப்பட்டா கெடக்காண்டாமா? எவனோ கத்துதான்னு எந்திரிச்சு எந்திரிச்சுக் குத்து வாங்குதான். இந்தக் கோட்டிக்காரனுக்கா எம் மவளக் குடுக்க?"

எனக்கு உண்மையாகவே உயிர் போனது.

"எத்தன குத்து வாங்குனாலும் எந்திரிச்சுக் கும்பிடுதாகளேப்பா," என்றாள் செல்லம் பைய. "எனக்கு அத்தானே போதும்."

இன்றும் செல்லம் என்னைத் திட்டி முடித்து மூச்சு வாங்கும்போது, உள்ளேயிருந்து பிள்ளைகள் கத்துவார்கள்: "ஒன்ஸ்மோர்!"

நானும் எழுந்து கும்பிடுகிறேன்.