பெயர்ப்பலகையும் பதிவேடும்

எழுதத் துணிந்த பிழையைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். சொல்லாமலிருப்பது அதைவிடப் பெரிய பிழையாகும் என்ற அச்சத்தினாலேயே எழுதத் துணிந்தது.

உலகில் எத்தனையோ சபைகள் எத்தனையோ உண்மைகளைக் கண்டறிந்திருக்கலாம். ஆயினும், ஒரு கணினியைப் பற்றிய உண்மையைக் கணினியிடம் கேளாமலே கண்டறிந்த பெருமை கொக்குவில் கதிரொளி சனசமூக நிலையத்தின் நிர்வாக சபைக்கே உரியது.

அந்த நிலையத்தின் கணினிப் பொறுப்பாளர் வினோஜா. ஊராரின் காணி உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் ஆறு வருடங்களாகப் பிரதியெடுத்துக் கணினியில் சேர்த்து வந்தவள். ஒரு திங்கட்கிழமை, எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்த அதன் வட்டு கரகரக்கத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை, ஊராருள் ஒருவரான இராசமலரின் காணி வழக்கு. அவரது மூல உறுதியைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சிய ஒரே பிரதி அந்த வட்டில்.

வட்டு சாகுமுன் உள்ளதை மீட்க ஒரு மென்பொருள் வேண்டும். லினக்ஸ் கணினியில் மென்பொருளை வரவழைத்து, நிறுவி, பதிவேட்டில் எழுதிவைப்பவருக்குப் 'பொதி மேலாளர்' என்று பெயர். வழக்கமாக ஒரு கணினிக்கு ஒருவர். இங்கேயோ இருவர்: கணினியை அன்பளித்த ரொறன்ரோக் கிளையின் 'ஆப்ட்', நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த இலண்டன் கிளை இஞ்சினியர் ஆசையோடு ஏற்றிவிட்டுப் போன 'டிஎன்எஃப்'.

வினோஜா இரண்டின் பதிவேட்டையும் திறந்து பார்த்தாள். அரை நிமிடம் பிடித்தது. ஆப்ட் நிறுவிய மென்பொருள் பொதிகள் 1,872. டிஎன்எஃப் நிறுவியது ஒன்றுமில்லை. பெயர்ப்பலகை மட்டும் இருந்தது.

ஆனால் எதையும் நிறுவத் தேவையான கடவுச்சொல் தலைவர் ஆழ்வாப்பிள்ளையின் அலுமாரியில், அரக்கு முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது. ஆகவே 'அவசரக் கூட்டம்' மறுநாள் கூடியது.

"ஐயா, ஆப்ட்தான் உண்மையாய் வேலை செய்யிறது. மற்றதின்ரை பதிவேடு வெறுமையாய்க் கிடக்கு" என்றாள் வினோஜா.

"பிள்ளை, பதிவேடு வெறுமையெண்டு ஒருத்தரைப் பதவியாலை எடுக்கேலுமோ? அப்பிடிப் பாத்தால் இந்தச் சபையிலை ஆர் மிஞ்சுவினம்?" என்றார் தலைவர், மிகுந்த பொறுப்புணர்வோடு.

செயலாளர் சுபாஸ்கரன் இன்னும் தூரநோக்குடையவர். "ஆப்ட் எண்டு எழுதினால் லண்டன்காரர் கோவிச்சுப்போவினம். அவையின்ரை காசிலை போடுற கூரை இன்னும் அரைவாசி கிடக்கு."

"வட்டு போகப்போகுது, அண்ணை."

"போகட்டும். தீர்மானத்துக்குப் பிறகு போகட்டும்."

புதன்கிழமை இரு கிளைகளும் சூம் காணொளியில் இணைந்தன. இரண்டரை மணி நேரம் ஒருவரையொருவர் பாராட்டினர். பின்னர் மூன்றாம் இலக்கத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: இருவரும் இனி 'இணை மேலாளர்கள்'. பதிவேடு வெறுமையாயிருப்பது டிஎன்எஃப்பின் கௌரவத்துக்கு இழுக்காகையால், ஆப்ட் நிறுவியவற்றில் சரிபாதியை, அதாவது 936 பொதிகளை, அது மீண்டும் நிறுவ வேண்டும். மீட்பு மென்பொருள் அதன் பின்னரே.

வியாழன் காலை செயலாளர் உறையை உடைத்துத் தாமே விசையை அழுத்த வந்தார்.

"அண்ணை, ஒண்டு வைச்சதை மற்றது அழிக்கும். வட்டும் இவ்வளவு வேலை தாங்காது."

"ஒற்றுமையாய் இருக்கச் சொல்லித்தானே தீர்மானம் போட்டிருக்கு."

இருநூற்றுப் பதினேழாவது பொதியில் வட்டு மூன்றுமுறை முனகியது. திரை கறுத்தது.

வாங்கில் குடையோடு அமர்ந்து காத்திருந்த இராசமலர் எழுந்து வந்தார். "பிள்ளை, என்ரை உறுதி உதுக்குள்ளை கிடக்குதோ?"

செயலாளரோடு வந்திருந்த தலைவரே ஆறுதல் சொன்னார்: "கிடக்குது, கிடக்குது. பத்திரமாய்க் கிடக்குது. எடுக்கத்தான் ஏலாது."

அடுத்த திங்கள் சபை கேட்டுக்கொண்டபடி வினோஜா எழுதிக் கொடுத்த விபரம்:

இழந்தவை: காணி உறுதிப் பிரதிகள் 1,146. பிறப்புப் பத்திரங்கள் 2,309. இராசமலரின் வழக்கு, அதனுடன் நான்கு பரப்புக் காணி.

இப்பிரதிகளில் வினோஜா பதிந்தவை: எல்லாம். நிர்வாக சபையினர் பதினொருவரும் பதிந்தவை: இல்லை.

நிலையத்தின் பெயர்ப்பலகை: சேதமில்லை.