இறங்கும் சர்க்கரை, ஏறும் எடை

"ஜன்னலோர சீட்டாப் பார்த்துக் குடுங்க மேடம்" என்று பயணி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பஸ் முன்பதிவு கவுண்டரில் இருந்த அம்மாவின் போன் அலறியது. மகனின் சர்க்கரை மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, ஜூஸைக் குடிடா!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள்.

"யாரு, நானா?" என்றார் பயணி.

மகனுக்குப் பதினைந்து வயது. சிறுவயதிலேயே டைப் ஒன் சர்க்கரை வந்து, இன்சுலினோடு வாழ்பவன். அவன் இடது மேல்கையில் ஒட்டியிருக்கும் குட்டிக் கருவி, சர்க்கரை அளவை அம்மாவின் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

"எடை கூடுது. தினமும் நல்லா ஓடியாடட்டும். ஆனா அப்போ சர்க்கரை இறங்கும், பார்த்துக்குங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, பள்ளி விட்டு வந்ததும் அறையைத் தாழிட்டு, பாட்டை அலறவிட்டு, பயிற்சியில் இறங்கிவிடுகிறான். டாக்டர் சொன்னபடியே சர்க்கரையும் இறங்கியது. அம்மாவுக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

மகன் போனை எடுக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவை அழைத்தாள்.

"அக்கா, கதவை உடைச்சாவது அவனுக்கு ஜூஸ் குடுங்க!"

அக்கா இடித்த இடியில் கதவு திறந்தது.

"பாவம்டி பிள்ளை! தலை கலைஞ்சு, கண்ணு செவந்து, தள்ளாடிக்கிட்டு வந்து நிக்கிறான். இப்படியா உடம்பை வருத்திக்கிறது?" என்றவள், ஜூஸோடு கேக்கையும் ஊட்டிவிட்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா, மாடிவீட்டில் இருக்கும் தன் தம்பிக்கும் சொல்லியிருந்தாள். தாய்மாமன் வெறுங்கையோடு வருவாரா? சாக்லேட் டப்பாவோடு வந்தார்.

ராத்திரி சர்க்கரை எகிறியது. கூடுதல் இன்சுலின். மறுநாளும் அதே கூத்து. எடை இயந்திரத்தில் ஏறினால், முள் பயந்துபோய் அந்தக் கோடிக்கு ஓடியது.

"இவ்வளவு செஞ்சும் குறையலியே!" என்று அம்மா தலையில் கைவைத்தாள். "பயிற்சி பத்தலை. காலையிலயும் செய்டா."

"சரிம்மா. ஞாயித்துக்கிழமை மத்தியானமும் செய்யட்டுமா?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்காவும் மாமாவும் இப்போது காலையிலும் ஓடிவந்தார்கள். ஒருநாள் மாமா குனிந்து சாக்லேட்டை நீட்ட, மகனின் கால்சட்டைப் பொத்தான் தெறித்து அவர் நெற்றியைப் பதம் பார்த்தது.

இதற்குமேல் தாங்காது என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் வருவதற்குள் நர்ஸ் எடை பார்த்தாள். பழைய கருவியைக் கழற்றினாள். போனிலிருந்த வரைபடத்தை நிதானமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா சிஸ்டர், தினமும் எப்படி இறங்குதுன்னு?" அம்மா பொங்கினாள். "அப்படியொரு உழைப்பு! இவனை ஓட்டப்பந்தயத்துல சேர்த்துடலாமான்னு இருக்கேன்."

மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நர்ஸ் புதிய கருவியை வலது கையில் ஒட்டி, மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"தம்பி, இனிமே இடது பக்கமாவே படுத்துத் தூங்குப்பா. கருவியை அமுக்கிக்கிட்டே தூங்கினா, இறங்காத சர்க்கரையும் இறங்கின மாதிரிதான் காட்டும்."