என் காட்டின் மேல் ஒரு நீல வட்டம்

சேலத்தில் இருக்கும் தங்கச்சி மகன் அர்த்தநாரி மாப்பிள்ளைக்கு, மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து உன் தாய்மாமன் வாயால் சொல்ல, ஓய்வு பெற்ற தபால்காரர் வெங்கடாசலம் எழுதுவது. இங்கே எருமை முதற்கொண்டு அனைவரும் சுகம். அங்கே உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

ஏரிக்கரை உடைந்து, அதே வாரம் ஜவ்வரிசி லாரி கவிழ்ந்து, கொட்டியதெல்லாம் மழையில் ஊறி, ஊரே பாயசம் காய்ச்சிய வருஷம் உனக்குத் தெரியாது. நீ அப்போது வயிற்றில். அதற்கடுத்த கோடையில்தான் என் மேட்டுக்காட்டில் போர் போட்டேன். முந்நூறாவது அடியில் தண்ணீர் பீறிட்டு, ரிக் வண்டிக்காரன் தலைத்துண்டு நனைந்தது. இதைச் சொல்ல எனக்குப் படம் வேண்டியதில்லை.

உன் மகள் சண்முகப்பிரியாவுக்கு வேண்டியிருக்கிறது. தகவலைக் கண்ணுக்குக் காட்டும் ஆராய்ச்சியாம், நான்கு வருஷமாம். போன மாதம் இங்கே வந்து வீடு வீடாய்ப் போய், "உங்க போருல எத்தனை அடியில தண்ணிங்க? எவ்வளவு வருதுங்க?" என்று கேட்டு, கம்ப்யூட்டரில் வட்டம் வட்டமாய்ப் போட்டாள். தண்ணீர் இருந்தால் நீலம், இல்லாவிட்டால் சிவப்பு, நிறைய இருந்தால் பெரிய வட்டம். நான்கு வருஷம் படித்து வட்டம்! கட்டுத்தறியைச் சுற்றி எங்கள் எருமை ஒரே பொழுதில் போட்டுவிடும்.

"இது என்ன சாமி?" என்றேன்.

"ஊரையே ஒரு பார்வையில புரிஞ்சுக்கலாங்க தாத்தா."

"எம்பது வருசமாப் பாத்தும் எனக்குப் புரியல. உனக்கு ஒரு பார்வையிலயா?"

மாப்பிள்ளை, எங்கள் ஊரில் புதுமுகம் ஒன்று நோட்டோடு வந்து எத்தனை ஏக்கர், எத்தனை தண்ணீர் என்று கேட்டால் அது கல்யாண விசாரணைதான். முப்பத்தைந்து வயதுப் பையனுக்குப் பெண் கிடைக்காத வீடெல்லாம் தண்ணீர் ததும்புகிறது என்றது. பெண் இருக்கும் வீடெல்லாம், உள்ளதைச் சொன்னால் சம்பந்தி வரதட்சணை கேட்கும் வாய் பெரிதாகும் என்று, வறண்டுபோச்சு என்றது. சௌந்திரம் தன் தோட்டத்து வாய்க்காலில் நனைந்த காலோடு நின்று, "சொட்டுத் தண்ணி இல்லீங்க" என்றாள். அவளுக்கு இரண்டு பெண். ஆக, நீலமெல்லாம் பையன், சிவப்பெல்லாம் பெண். இதைப் பார்த்துப் பேராசிரியர் கை வேறு தட்டினாராம்.

தட்டிவிட்டுப் போகட்டும். பஞ்சாயத்துத் தலைவரும் பார்த்துவிட்டார். ஊர்க் குடிதண்ணீருக்குப் போர் போட, இருப்பதிலேயே பெரிய நீல வட்டத்துக்கு வெள்ளிக்கிழமை ரிக் வருகிறது. அந்த வட்டம் என் காடு. ஞாயிற்றுக்கிழமை பேரன் சந்தோஷ்குமாரைப் பார்க்கப் பெண்வீட்டார் வருகிறார்கள். அதற்குள் என் தண்ணீரை ஊர் உறிஞ்சினால் அவர்களிடம் எதைக் காட்டுவேன்? உன் மகளிடம் சொல்லி வட்டத்தைச் சௌந்திரம் தோட்டத்துக்குத் தள்ளி வைக்கச் சொல். படம்தானே, தள்ளினால் நகரும்.

உன் குடும்பம் தழைக்கட்டும். சண்முகப்பிரியாவுக்கு டாக்டர் பட்டம் கிடைக்கட்டும். வட்டம் போட்டதற்கு அது போதும்.

இப்படிக்கு, கட்டைவிரல் ரேகையுடன்,
சின்னுசாமி

பின்குறிப்பு: யாரிடமும் சொல்வதில்லை என்று வெங்கடாசலம் சத்தியம் செய்த பிறகு இது. பிள்ளை மேல் குற்றமில்லை, நாங்கள் சொன்னதைத்தான் வரைந்தாள். அவள் கேட்டபோது பக்கத்தில் கல்யாணத் தரகர் நின்றார். நானும் முந்நூறு அடியில் பீறிட்டது, வற்றவே இல்லை என்றேன். என் போரில் வந்தது வெறும் புழுதி. அந்தத் துண்டு நனையவில்லை, போர் கிளப்பிய கல்மாவு படிந்து வெளுத்துப்போனது. இங்கே தோண்டினால் ஊர்ப் பணமும் புழுதி, பேரன் கல்யாணமும் புழுதி. அதை என் வாயால் சொல்ல வரவில்லை. கண்ணால் பார்த்தவர் யாராவது வியாழக்கிழமைக்குள் வந்து தலைவர் காதில் மட்டும் சொன்னால் போதும். ரிக் ஓட்டியவன் போய்விட்டான். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவன் போய்விட்டான். என் வீட்டுக்காரி போய்ப் பன்னிரண்டு வருஷம். மிச்சம் இருப்பது, அன்று வேப்பமரத்தில் உன் தூளியை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்த என் தங்கச்சி, உன் அம்மா பெருமாயி ஒருத்திதான்.