ஆளில்லாத ஹாலின் முதல் வரிசை

பெங்களூரில் காலி நாற்காலியைப் பார்த்துக் கண் கலங்கும் ஒரே பிறவி நாங்கள் ‘காலி ஹால்’ என்று கூப்பிடும் என் தோழிதான். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் நசுங்கி வந்து, மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் என்னோடு வேலை பார்ப்பவள்.

எங்கள் துறை மாநாட்டில் ஒரே நேரத்தில் நான்கு ஹால்களில் உரை நடக்கும். நான் முன்கூட்டியே அட்டவணை போடுவேன்: பச்சை என்றால் கட்டாயம், மஞ்சள் முடிந்தால், சிவப்பு தூங்குவதற்கு. அவள் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்து, ஆளில்லாத ஹாலில் முதல் வரிசையில் உட்காருவாள்.

“எதப் பத்திப் பேசுறாங்கன்னாவது பாத்தியாடி?”

“அத அவரே சொல்வாருல்ல. பாவம், ராத்திரியெல்லாம் ஸ்லைடு பண்ணிருப்பாரு.”

ஒட்டகப்பால் கொழுப்பு, பட்டுப்புழு எச்சில், எதுவானாலும் கேள்வி கேட்பாள். பேசியவர் உருகிவிடுவார். பச்சை ஹாலில் யாருடைய முதுகுப்பையையோ பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டு நான் வெளியே வந்தால், ஒரு பேராசிரியர் அவளுக்கு வடை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். பச்சை ஹால் பேராசிரியர்களிடம் வரிசையில் நின்றும் என் பெயரைக்கூடச் சொல்ல முடிந்ததில்லை. வயிறு எரியும்.

இந்த முறை என் முதல் உரை. அதே நேரத்தில் பெரிய ஹாலில் உலகப் புகழ் பெற்ற ஒருவர்.

“ஒருத்தரும் வர மாட்டாங்கடி. நீ மட்டும் முன்னாடி உக்காந்தாப் போதும்.”

“நீ காலியா நின்னா நா வராம எங்க போவேன்?”

அந்த நாளில் என் ஹால் நிரம்பி வழிந்தது. என் புகழால் அல்ல. பக்கத்து அறையில்தான் சாப்பாடு. பிரியாணி வாசனை சுவரைத் தாண்டி வந்தது. பந்திக்கு முந்துவதற்காக விஞ்ஞானிகள் கதவோரம்கூட நின்றார்கள். அவர்களுக்கு நடுவே அவள் தலை எட்டிப் பார்த்தது. கூட்டத்தைக் கண்டு முகமெல்லாம் பூரிப்பு. எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நான்காம் ஹாலுக்குப் போய்விட்டாள்.

ஏன் உள்ளே வரவில்லை என்று சாப்பிடும்போது கேட்டேன்.

“ஹவுஸ்ஃபுல் ஆயிடுச்சேடி, அங்க நா இன்னாத்துக்கு? நாலாவது ஹால்ல ஒருத்தரு மைக்கப் புடிச்சிக்கினு தனியா நின்னாரு.”

“நல்லாப் பேசுனாரா?”

“சுமார்தான். கேள்வி கேட்டதும் மனுசனுக்கு சாப்பிட வரவே மனசில்ல.”

எனக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடுத்த மாநாட்டுக்கு, யாருமே வரமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரியும் ஒரு தலைப்பை இப்போதே தேடிக்கொண்டிருக்கிறேன்.